ஈதரா, ஐசோபுளோரேனா? சர்க்கரை ஆய்வில் எலிக்கு ஏற்ற மயக்கமருந்து

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயிலும் ஒருவர், சிறுகுறிஞ்சாவோ ஆவாரையோ எலியின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று சோதிக்க முனைந்தால், இரத்தம் எடுப்பதற்காகக் கொடுக்கும் மயக்கமருந்தே அந்த அளவை உயர்த்திவிடக்கூடும் என்பதை முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஈதர் மலிவானது, மூடியுள்ள கண்ணாடிச் சாடியும் பஞ்சும் போதும். ஆனால் அதன் ஆவி மூச்சுப்பாதையை உறுத்துவதால் எலி திமிறுகிறது, அதிரினலின் பெருகுகிறது, கல்லீரலில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசன் உடைந்து சர்க்கரை ஏறுகிறது. கூடவே கோர்ட்டிகோஸ்டிரோன் என்னும் உளைச்சல் ஓமோனும் உயர்கிறது. நாளமில்லாச் சுரப்பி ஆய்வாளர்கள் விலங்குக்கு உளைச்சல் கொடுப்பதற்கென்றே முன்னர் ஈதரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் மேலே சொல்வானேன்? போதாக்குறைக்கு அது எளிதில் தீப்பற்றும்; கொதிநிலையும் 34.6 பாகை செல்சியஸ்தான். கச்சான் வீசும் மாதங்களில் நம்மூர் அறையின் வெப்பம் அதைத் தொட்டுவிடும்.

ஈதரைப் போலவே மூச்சுவழி கொடுக்கப்படும் ஐசோபுளோரேன் அத்தகைய திமிறலைப் பெரிதும் தவிர்க்கிறது, எனினும் குற்றமற்றதன்று. சதையியின் பீற்றாக் கலங்களில் உள்ள பொற்றாசியம் வாயில்கள் மூடினால்தான் இன்சுலின் சுரக்கும். இம்மருந்து அவற்றை மூடவிடாமல் தடுப்பதால், தீனி தின்ற எலியில் சர்க்கரை தெளிவாக உயர்கிறது, பட்டினி கிடந்த எலியில் அவ்வுயர்வு மிகக் குறைவு. அதே வகை மருந்தான செவோபுளோரேன் இரத்தத்தில் குறைவாகக் கரைவதால் மயக்கமும் தெளிவும் விரைவாக வரும், ஆனால் இன்சுலினைப் பொறுத்தவரை அதுவும் அதே வழிதான். இவ்வகையில் பழைய மருந்தான ஹலோதேனும் இன்சுலினை அடக்குவதே.

ஊசி மருந்துக்கு மாறினால் தப்பலாம் என்று எண்ணுவோர் கெற்றமின்–சைலசின் கலவையை நாடுவதுண்டு. இங்கு சைலசின் பீற்றாக் கலங்களின் மேலுள்ள அல்பா-2 என்னும் ஏற்பிகள் வழியே இன்சுலினை நேரடியாக நிறுத்துவதால், உயர்வு ஐசோபுளோரேனையும் மிஞ்சிவிடும். பென்டோபார்பிட்டல் சர்க்கரையை அதிகம் அசைப்பதில்லை; ஆனால் அளவு சற்றுக் கூடினாலும் மூச்சு அடங்கிவிடும்.

என் தேர்வு இதுதான்: சர்க்கரைக்கு ஒரு துளி இரத்தம் போதுமென்றால், கையாளப் பழகிய எலியின் வால்நுனியில் மயக்கமின்றியே எடுக்கலாம். இறுதியில் இதயத்திலிருந்து எடுப்பதானால், மருந்தை அளவாக ஆவியாக்கும் வேப்பரைசரும் ஒட்சிசன் சிலிண்டரும் வாங்கும் செலவைப் பாராமல் ஐசோபுளோரேனை நாட வேண்டும். மூலிகை பெறாத ஒப்பீட்டுக் குழு உட்பட எல்லா எலிகளையும் ஒரே கால அளவு பட்டினியிட்டு, ஒரே செறிவில், ஒரே நிமிடங்கள் மயக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.