ஃபைபர் வல்லத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் ஹார்டனர்

மண்டபம், பாம்பன் கரைகளில் ஃபைபர் வல்லம் (கண்ணாடியிழைச் சிறு படகு) வைத்திருப்பவர்களுக்கு இந்த ஹார்டனரை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து எடுக்கும் கார்டனாலைக் கொண்டு செய்யப்படும் ஃபீனால்கமைன் வகையைச் சேர்ந்தது. எப்பாக்சி என்னும் பிசின் போன்ற ரெசினை இறுக வைப்பதுதான் ஹார்டனரின் வேலை; இரண்டையும் கலந்து பூச வேண்டும்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதால் நிதானமாகப் பழுது பார்க்கலாம். வல்லத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. ஈரம் முழுதும் உலராத நிலையிலேயே ஒட்டுப்போட நேர்கிறது. சாதாரண அமைன் ஹார்டனர் அந்த ஈரப்பதத்தில் வெளுத்துப் பிசுபிசுக்கும். இது ஒழுங்காக இறுகுகிறது.

எப்பாக்சி இறுகும்போது அதன் மூலக்கூறுகள் நெருக்கமாகப் பின்னிக்கொள்வதால் கெட்டித்தன்மை வருகிறது. ஆனால் அசைய இடமில்லாததால், ஒரு கீறல் விழுந்தாலும் அது தடையின்றி ஓடிவிடுகிறது. கார்டனாலில் 15 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் ஒன்று உண்டு. அந்த வால் பின்னலைச் சற்றே தளர்த்தி அடியின் வேகத்தை உள்ளேயே தணிக்கிறது. எண்ணெய்த்தன்மை உடையது ஆகையால் நீரையும் எளிதில் உள்ளே விடுவதில்லை.

எங்கள் வல்லத்தின் அணியத்தடியில் (முன்பக்க அடியில்), கடலடிப் பாறையான பாரில் உரசிய இடத்தில், பழைய ஒட்டு முழுவதும் மயிரிழை விரிசல்கள் கிளைத்திருந்தன. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடியிழை மேட் வைத்து இதைப் பூசினோம். அதன்பின் அதே இடம் மீண்டும் பாறையில் மோதியும், அடிபட்ட புள்ளி மட்டும் வெளுத்ததே தவிர, விரிசல் பரவவில்லை.

கலக்கும் அளவில் மிகுந்த கவனம் தேவை. நான் வாங்கிய கடையில், சீக்கிரம் இறுக வேண்டுமானால் ஹார்டனரைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். அது முற்றிலும் தவறு. பாலியெஸ்டர் ரெசினில், இறுகலைத் தூண்ட மட்டும் சேர்க்கும் கேட்டலிஸ்டைச் சற்றுக் கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்சியில் ஹார்டனரும் பின்னலின் ஒரு பாகம் என்பதால், டப்பாவில் அச்சிட்ட விகிதம் மாறினால் ஒட்டு மென்மையாகவே நின்றுவிடும். ஒரு தராசு வைத்துக்கொள்வது நல்லது. கையுறையும் கட்டாயம் வேண்டும்.

இதன் நிறம் செம்பழுப்பு. வெளிர் வண்ணத்துக்கு அடியில் தெரியும். இதன் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் (படகின் பளபளப்பான மேற்பூச்சு) சரியாகப் பிடிக்காது. வெயிலில் எப்பாக்சி பொடியாக உதிரும் என்பதால், நன்றாக இறுகிய பின் தேய்த்து, பாலியூரித்தேன் பெயின்ட் அடித்துவிடுங்கள்.