பழைய டீசல் ஜெனரேட்டர் வாங்கலாமா? ஒரு பவர்டேபிள்காரனின் அனுபவம்

பெருந்துறைப் பக்கம் தங்கச்சி மாப்பிள்ளை புதிதாகப் பவர்டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கிற சிறிய பட்டறை, போடுகிறார். "மச்சான், 62.5 கேவிஏ ஜெனரேட்டர் செட் ஒண்ணு பாதி விலைக்கு வருதுங்க, வாங்கிப் போட்டுறலாங்களா?" என்று கேட்டிருந்தார். அதே வாரம்தான் என் செட்டுக்கு டீசலைப் பீய்ச்சுகிற நாசில் மாற்றி, பம்ப் சர்வீஸ் செய்து பில் கட்டியிருந்தேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2012 கடைசியில் திருப்பூரில் தொழில் செய்தவர்களுக்கு இந்த மெஷினின் அருமை தெரியும். காத்தாடி (காற்றாலை) சீசன் முடிந்ததும் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு, நமக்கு 12 மணி நேரத்துக்கும் மேலே. டெய்லர் வந்து உட்கார்ந்திருப்பார், கரண்ட்டு இருக்காது. செட் இருந்தவன் டெலிவரி கொடுத்தான், இல்லாதவன் ஆர்டரை இழந்தான். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் என் செட் ஒருநாளும் காலை வாரியதில்லை. எஞ்சினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

என் எரிச்சலெல்லாம் அதன் புகையில் வருகிற கரி மேல்தான்.

வெள்ளை பனியன் ஆர்டர் ஓடும்போது பாருங்கள். செக்கிங் டேபிளில் டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரித்தால், நெஞ்சுப் பக்கம் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. புதிதாக வந்த பெண் அதை விரலால் தட்டிவிடப் பார்க்கும். அவ்வளவுதான், புள்ளி கோடாகிவிடும். பழகியவர்கள் தொடவே மாட்டார்கள், துணியைத் தலைகீழாகப் பிடித்து உதறுவார்கள். கறை எடுக்கிற கன் அடித்தால் எண்ணெய் போகும், கரி போகாது, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வளையம் ஒன்று நிற்கும். அந்த பீஸ் நேராக செகண்ட்ஸ், அதாவது இரண்டாந்தரம். நூல், நிட்டிங், கட்டிங், டெய்லர் கூலி எல்லாம் முழுதாகச் செலவாகி, கடைசியில் திருப்பூர் காதர்பேட்டை பனியன் சந்தையில் கேட்ட விலைக்குப் போகிறது.

கரி ஏன் இவ்வளவு என்றால், லோடு குறைவு. கரண்ட்டு போனால் எல்லா மெஷினையும் யாரும் ஓட்டுவதில்லை, அவசரத்துக்கு ஒரு லைனும் லைட்டும் மட்டும்தான். பெரிய செட்டை இப்படிச் சிறிய லோடில் ஓட்டினால் சிலிண்டர் போதுமான அளவு சூடாகாது, டீசல் முழுசாக எரியாது. எரியாத மிச்சம் கறுப்பு எண்ணெயாக சைலன்சரில் ஒழுகும், கரியாகப் பறக்கும், நாசிலில் படியும். நான் கட்டிய பில்லின் மூலமே இதுதான். 'எதுக்கும் பெரிசா வாங்கிக்கலாம்' என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

கணக்குக்கு வருவோம். நல்ல லோடில் ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட்டோ, 3.5 யூனிட்டோ கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல். ஆக டீசலுக்கு மட்டும் யூனிட்டுக்கு 30 ரூபாயை ஒட்டி வந்துவிடுகிறது. இதுவரை எல்லோரும் போடுகிற கணக்கு. செகண்ட்ஸ் போன பீஸை யாரும் டீசல் கணக்கில் எழுதுவதில்லை, 'வேஸ்டேஜ்' என்று தனியாக எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன், ஆடிட்டருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

ஆனால் பின்வீட்டு அம்மாவின் கணக்கு எந்த நோட்டில் வருகிறது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் என் புகை முழுதும் அவர் மொட்டைமாடிக்குத்தான் போகும். "கரண்டு போனா மொதல்ல துணிய எடுத்துருவனுங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். துணியை எடுத்துவிடலாம், மூச்சை எங்கே எடுத்து வைப்பது? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிசெய்தது 2012 ஜூனில். நாம் ஊரெல்லாம் செட் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த அதே வருஷம். இதுபோக லிட்டருக்கு 2.6 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது, செக்கிங் டேபிளில் சிக்காது.

நொய்யல் ஆற்றில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் விட்ட சாயத்தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. தேங்கியதால் விவசாயிகளால் விரல் நீட்டிக் காட்ட முடிந்தது, கோர்ட்டுக்குப் போக முடிந்தது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதற்குப் பிறகுதான் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற செலவு துணி விலைக்குள்ளேயே வந்தது. புகைக்கு அப்படி ஓர் அணை கிடையாது. காற்று கொண்டுபோய்விடுகிறது, வழக்குப் போட ஆள் இல்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். 2022இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவுக்குக் கிடைத்த மானியம் 7 லட்சம் கோடி டாலர் என்று ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) கணக்குப் போட்டது. அதில் அரசாங்கங்கள் நேரடியாகச் சுமந்தது 1.3 லட்சம் கோடிதான். மிச்சத்தில் பெரும்பங்கு, புகையும் வெப்பமும் செய்த சேதத்துக்கு யாரும் வசூலிக்காமல் விட்ட தொகை. 'நாங்கதான் டீசலுக்கு அவ்வளவு வரி கட்டுறமே' என்பீர்கள். நியாயம்தான். 2020 மே மாதம் மத்திய கலால் வரி மட்டும் லிட்டருக்கு 31 ரூபாய்க்கு மேலே போனது. அதில் பின்வீட்டு அம்மாவுக்கு ஒரு பைசா வரவில்லை.

ஈபி கரண்ட்டும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன். மேட்டூர் அனல்மின் நிலையம் நிலக்கரியில்தான் ஓடுகிறது. நான் இங்கே துடைக்கிற கரியை அங்கே யாரோ துடைக்கிறார்கள். என்ன, காத்தாடி சுற்றுகிற மாதங்களில் அந்தப் பாவம் கொஞ்சம் குறையும். சோலார் போட்டால் போதுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரி இல்லாத சாதாரண கூரை சோலார், கரண்ட்டு போனால் தானும் நின்றுவிடும்.

சரி, முடிவு. மாப்பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்வெர்ட்டர் போதும், இப்போது போகிற கரண்ட்டுக்கு டெய்லர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். என் செட்டை விற்கிறேனா என்றால், மாட்டேன். கன்டெய்னர் ஏற்ற வேண்டிய ராத்திரியில் கரண்ட்டு போய்ப் பார்த்தவன் விற்கமாட்டான். இதில் நியாயம் இல்லை என்று என் வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

என் பேச்சை மீறி வாங்குபவர்கள் தயாரித்த தேதியைப் பாருங்கள். 2023 ஜூலையிலிருந்து புதுசெட்டுகளுக்குப் புகை விதி ரொம்பக் கடுமை, பழையது பாதி விலைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். லோடு கொடுத்து அரைமணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.