165-ஆ, 170-ஆ? ஃபிக்ஸட் கியருக்கு எந்த கிராங்க்?

கிராங்க் என்பது பெடலைத் தாங்கும் கம்பி; அதன் நீளம் 165 மி.மீ.-ஆ, 170 மி.மீ.-ஆ என்பதுதான் கேள்வி. வெறும் 5 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும். சாதாரண சைக்கிளில் அப்படி விட்டுவிடலாம். ஃபிக்ஸட் கியரில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வளைவில் உள்பக்கப் பெடலை மேலே நிறுத்திவைக்க வழியில்லை. சாய்ந்து திரும்பும்போது பெடல் தரையில் இடித்தால் பின்சக்கரமே துள்ளிவிடும். 165 போட்டால் பெடல் தரையிலிருந்து கூடுதலாக 5 மி.மீ. விலகி நிற்கும். ஷூ நுனி முன்சக்கரத்தில் இடிப்பதும் கொஞ்சம் குறையும். இறக்கத்தில் கால் பறக்கும்போது சின்ன வட்டம் எவ்வளவு நிம்மதி என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, 170-க்கு என்ன பலம்? நெம்புகோல் 3 சதவீதம் நீளம். மேடு ஏறவும், காலால் பின்னழுத்தி வேகத்தைக் குறைக்கவும் உதவும் (அதற்காக முன்பிரேக்கைக் கழற்றிவிடாதீர்கள்). ஆனால் முன்னால் 48 பல், பின்னால் 17 பல் உள்ள பல்சக்கரங்களோடு ஓட்டுபவர் பின்னால் 18 போட்டாலே அதைவிட அதிக லாபம்.

என் ஓட்டு 165-க்கே. கால் நீளமானவர், நேர்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவர் என்றால் 170 போடலாம். அப்புறம், 170-இலிருந்து 165-க்கு மாறினால் சீட்டை 5 மி.மீ. உயர்த்துங்கள்.