பேச்சுக்கு நம்பலாம், டேட்டாவுக்கு யோசிக்கணும்: ராணுவக் களத்தில் செம்புக் கம்பியோடு வாழ்ந்த அனுபவம்

இந்திய ராணுவத்தின் தகவல் தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் பிரிவில் லைன்மேனாக இருந்தவன் நான். சர்வீஸில் பெரும்பகுதி கம்பி சுற்றிய ட்ரம் தூக்கியும், கம்பி இழுத்தும், அறுந்ததைத் தேடி அலைந்தும் போனது. ஊரில் பையன்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "சாட்டிலைட் இருக்கே மாமா, இன்னும் எதுக்கு ஒயர்?" நியாயமான கேள்வி. சுருக்கமான பதில்: பேச்சுக்கு இந்தக் கம்பியை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். டேட்டாவுக்கு என்றால் கம்பியின் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

நாங்கள் அதிகம் இழுத்தது ஜேடபிள்யூடி-1 என்ற கேபிள். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும், மேலே பிளாஸ்டிக் உறை. அமெரிக்க ராணுவத்தின் டபிள்யூடி-1/டிடி கேபிளும் இதே இனம்தான். அதில் ஒவ்வொரு கம்பிக்குள்ளும் ஏழு இழைகள்: நான்கு வெள்ளீயம் பூசிய செம்பு, மூன்று எஃகு. செம்பு பேச்சைக் கொண்டுபோகும்; எஃகு இழுவையைத் தாங்கும். ஒரு மைல் நீளம் சுமார் 22 கிலோதான். வெறும் செம்பாக இருந்திருந்தால் முதல் ஆட்டுமந்தை கடக்கும்போதே லைன் போயிருக்கும்.

அந்த எஃகு இழைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஜாயின்ட் போடும்போது அது ஊசி மாதிரி நகக்கண்ணில் ஏறும். குளிரில் விரல் மரத்திருந்தால் குத்தியதே தெரியாது, ரத்தம் டேப்பில் ஒட்டும்போதுதான் தெரியும். முறை என்னவென்றால், இரண்டு கம்பிகளையும் ஒரே இடத்தில் இணைக்கக் கூடாது. ஒரு கம்பியின் ஜாயின்ட்டுக்கும் மற்றதன் ஜாயின்ட்டுக்கும் ஒரு பிளேயர் (குறடு) நீளமாவது தள்ளியிருக்க வேண்டும். டேப் நனைந்து கிழிந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று தொடாது. முதலில் உறையோடு சேர்த்து முடிச்சு, அப்புறம் நுனியை உரித்து முறுக்கு, கடைசியில் டேப். இழுவையெல்லாம் முடிச்சின் மேல் விழ வேண்டும், முறுக்கின் மேல் விழக் கூடாது. அவசரத்தில் முடிச்சை விட்டுவிட்டு வெறும் முறுக்கில் டேப் சுற்றிய லைன்கள் ஒரு வண்டி உரசியதும் போய்விடும். அதைத் தேடி ராத்திரியில் நடப்பது இன்னொருவன்.

களத் தொலைபேசியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் கைச்சுற்றிதான், அதாவது கையால் சுற்றும் கைப்பிடி. மணி அடிக்க நாமே சுற்றி மின்சாரம் உண்டாக்குகிறோம். அந்தக் கைப்பிடியே ஒரு மீட்டர். லேசாக, பிடிமானமே இல்லாமல் சுற்றினால் லைன் எங்கோ அறுந்திருக்கிறது. கனமாக, மாவாட்டுகிற மாதிரி சுற்றினால் இரண்டு கம்பியும் எங்கோ ஒன்றையொன்று தொட்டு ஷார்ட். புதிதாக வந்த திருநெல்வேலிப் பையன் ஒருவன் ஒருமுறை, "அண்ணே, மணி போகுது, அங்கேருந்து மணியும் வருது, ஆனா நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கல" என்று குழம்பி நின்றான். லைனைத் தொடவே வேண்டாம், உன் செட்டின் பேட்டரியை மாற்று என்றேன். மணிக்கான மின்சாரம் கைச்சுற்றியிலிருந்து வருகிறது, பேச்சுக்கானது உள்ளே இருக்கும் பேட்டரியிலிருந்து. இது தெரியாமல் கிலோமீட்டர் கணக்கில் கம்பியைத் தடவிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியே இல்லாத செட்டும் உண்டு. அமெரிக்கர்களின் டிஏ-1 பேசுபவரின் குரல் அதிர்விலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சத்தம் கொஞ்சம் மெலிவுதான், ஆனால் சாகாது.

மல்டிமீட்டர் கையில் இருந்தால் ஷார்ட்டைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். இந்த வகைக் கம்பியில் போக வர சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு மின்தடை தோராயமாக 130 ஓம் காட்டும். 260 காட்டினால் சுமார் இரண்டு கிலோமீட்டரில் போய்ப் பார். ஈரத்தில் சுத்தமான ஷார்ட் கிடைக்காது என்பதால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனாலும் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

எதிரிகள் என்று பார்த்தால், குண்டைவிட அதிகம் கம்பி அறுத்தது நம்முடைய வண்டிகள்தான். சாலையைக் கடக்கும் இடத்தில் மேலே தூக்கிக் கட்டணும், இல்லையென்றால் சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட்டுக்குள் விடணும். டாங்கி மாதிரி செயின் போட்ட வண்டி வரும் பாதை என்றால் இரண்டுமே போதாது, பாதையை மாற்றிவிடு. அப்புறம் விறைப்பாக இழுக்கவே கூடாது, தரையில் தளர்வாகக் கிடக்கணும். மரத்துக்கு மரம் கட்டிய லைனில் இது யாருடைய லைன் என்று சொல்லும் அடையாளச் சீட்டு கட்டாதவனை எந்த என்சிஓவும் (ஹவில்தார், நாயக் போன்ற மேலாள்) மன்னிக்க மாட்டார். ஒரே மரத்தில் பத்து கறுப்புக் கம்பி தொங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். இடி மின்னல் நேரத்தில் ரிசீவரைக் காதில் வைக்காதே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, டேட்டா. இதே இரண்டு கம்பியின் மேல் மோடம் வைத்து கணினிகளை இணைக்க முடியும். தொலைபேசிக் கம்பியில் டேட்டா அனுப்புவதற்கு 2001-ல் வந்த ஜி.எஸ்ஹெச்டிஎஸ்எல் தரநிலையின் பிந்தைய வடிவம், ஒரே ஜோடிக் கம்பியில் அதிகபட்சம் நொடிக்கு 5.7 மெகாபிட் வரை இரண்டு பக்கமும் ஓடும் என்கிறது. அது நல்ல செம்பில், குறைந்த தூரத்தில் கிடைக்கும் கணக்கு. களக் கம்பியில் தூரம் ஏற ஏற வேகம் படியிறங்கிவிடும். வரைபடத் துண்டு, செய்தி, சில குரல் சேனல்கள் என்றால் தாராளம். நேரடி வீடியோவை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

பேச்சு 3400 ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். மோடம் ஓட்டுவது நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில். அந்த உயரத்தில் கம்பியின் ஒவ்வொரு குறையும் பெரிதாகத் தெரியும். பேச்சு லைனில் பத்து ஜாயின்ட் இருந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. மோடத்துக்கு ஒவ்வொரு ஜாயின்ட்டும் சிக்னலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும் சுவர். அதைவிட மோசம் டீ-ஜாயின்ட். நடுவழியில் இன்னொரு போஸ்ட்டுக்கு (காவல் நிலைக்கு) கிளை பிரித்திருப்பார்கள். அந்த முனையில் போன்கூட இருக்காது, சும்மா தொங்கும். பேசும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. மோடம் மட்டும் இணைவதும் அறுவதுமாகப் பாடாய்ப் படுத்தும். லைன் ஓகே, மோடம்தான் கோளாறு என்று பெட்டியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மறந்துபோன கிளையை வெட்டி விட்டதும் அதே பெட்டி ஒழுங்காக ஓடும். மழை நனைத்த பழைய உறையிலும் இதே கதை: பேச்சில் லேசான கரகரப்பு, டேட்டாவில் பாதி வேகம்.

கம்பி என்றால் ரகசியம் பத்திரம் என்ற நம்பிக்கையை மட்டும் நான் வாங்க மாட்டேன். முதல் உலகப் போரில் ஒற்றைக் கம்பி போட்டு, திரும்பும் வழியாக மண்ணையே பயன்படுத்தினார்கள். எதிர்ப்பக்கப் பதுங்குகுழியில் மண்ணில் கம்பி நட்டு அந்தப் பேச்சை ஜெர்மானியர்கள் ஒட்டுக்கேட்டார்கள். அந்த அடியில்தான் இரட்டைக் கம்பி முக்கியமானது. 1915-ல் கேப்டன் ஃபுல்லர் உருவாக்கிய ஃபுல்லர்ஃபோனும் அதற்கான மாற்றுத்தான்: மிக மெல்லிய நேர்மின்னோட்டத்தில் தந்தி அனுப்பும் கருவி. இன்றைய முறுக்கிய கம்பி வெளியே கசிவது குறைவு. ஆனால் கையில் கிடைத்தவன் இரண்டு குண்டூசியில் கேட்டுவிடுவான். நாங்களே பழுது பார்க்க அப்படித்தான் குத்திக் கேட்போம். கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போஸ்ட்டுக்கும் வந்துவிடலாம். ரகசியப் பேச்சுக்கு, பேச்சை அடுத்தவனுக்குப் புரியாதபடி மாற்றும் மறையாக்கப் பெட்டி கட்டாயம்.

ஆனால் ரேடியோ மாதிரி கம்பி தன் இடத்தைக் காற்றில் கூவாது, ரேடியோவை அடைக்கும் ஜாமரும் அதை ஒன்றும் செய்யாது. 2022-க்குப் பிறகு உக்ரைன் முனையில் சோவியத் காலத்து டிஏ-57 களத் தொலைபேசிப் பெட்டிகள் மறுபடி பதுங்குகுழிக்கு வந்த செய்தி பார்த்தபோது எனக்கு ஆச்சரியமில்லை. ஒளியில் டேட்டா அனுப்பும் கண்ணாடி இழையான ஃபைபர் எடை குறைவு, வேகத்தில் செம்பு அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது. பெரிய தலைமையகங்களுக்கு இடையே நானும் ஃபைபர்தான் கேட்பேன். ஆனால் அறுந்த ஃபைபரை இருட்டில், சேற்றுக் கையோடு, ஒரு பிளேயரும் டேப்பும் வைத்து ஒட்ட முடியாது. தொலைவில் இருக்கும் கருவிக்குக் கொஞ்சம் மின்சாரம் அனுப்பவும் அதற்கு வழியில்லை.

இப்போது யாராவது இந்த வேலைக்குப் போனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: ஜாயின்ட் இல்லாத புது ட்ரம்மை டேட்டாவுக்கு என்று தனியாக ஒதுக்கி, மேலே எழுதி வையுங்கள். பயிற்சி முடிந்து கம்பியைச் சுருட்டுவதுதான் இந்த வேலையிலேயே கசப்பானது. எல்லோரும் வண்டி ஏறும் அவசரத்தில் இருப்பார்கள், கம்பி வேலைக்கான குழுவான லைன் பார்ட்டி மட்டும் சேற்றிலிருந்து கம்பியை உருவிக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் நல்லதும் கெட்டதும் ஒரே ட்ரம்மில் ஏறிவிடும். சுருட்டும்போதே ஒருவன் துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டே வரட்டும். உறை கிழிந்த இடமும் பழைய ஜாயின்ட்டும் அவன் கையில் தட்டுப்படும். தட்டுப்பட்டது அதிகம் என்றால் அந்த ட்ரம் பேச்சு லைனுக்குப் போகட்டும்.