‘லாட்ரஸ்’ ரூட்டீனோடு ஆறு வருடம்: உச்சம் வரவேண்டிய இடத்தில் 1 வந்த கதை

மேல் முக்கோண அணியைத் தீர்ப்பதில் என்ன இருக்கிறது, கடைசிச் சமன்பாட்டில் ஒரே ஒரு மாறி, அதைக் கண்டுபிடித்து மேல் வரியில் போட்டு, அதை அதற்கு மேல் வரியில் போட்டு, அப்படியே ஏறிப்போனால் முடிந்தது, பிளஸ் டூ பையன் செய்வான் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இயந்திர பாகங்களின் அதிர்வைக் கணக்கிடுவது என் பிழைப்பு. ஆறு வருடமாக, அணிக் கணக்குகளுக்கான லேபேக் நூலகத்தில் இருக்கும் டிஎல்ஏடிஆர்எஸ் என்ற ரூட்டீனை (முக்கோண அணியைத் தீர்த்துத் தரும் புரோகிராம் துண்டு) அநேகமாகத் தினமும் ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘லாட்ரஸ்’ என்றே பெயர். அதன் நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவைக்கிறேன். கெட்டதில் பாதி என் கைவண்ணம்.

முதலில், இது எதற்கு என்று. லேபேக்குக்கு அடித்தளமான பிளாஸ் நூலகத்தில் இதே வேலைக்கு டிடிஆர்எஸ்வி இருக்கிறது, வேகமானது, ஆனால் எதையும் சோதிக்காது. மூலைவிட்டத்தில் பூச்சியம் இருந்தாலும் வகுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். சோதனை வேண்டுமென்றால் கூப்பிடுவதற்கு முன் நீயே செய்துகொள் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். லேபேக்கின் டிடிஆர்டிஆர்எஸ் ஒரு படி மேல்: மூலைவிட்டத்தில் அச்சு அசலாகப் பூச்சியம் இருந்தால் எத்தனையாவது இடம் என்று இன்ஃபோ என்ற பிழைக்குறியீட்டில் சொல்லிவிட்டு நின்றுவிடும். அங்கே 10⁻³⁰⁰ இருந்தால்? சத்தமே இல்லாமல் தாண்டிப்போகும்.

மூலைவிட்டத்தை மட்டும் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் இதை ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். மூலைவிட்டம் முழுக்க 1, அதற்கு மேலே எல்லாமே −1, வலப்பக்கம் எல்லாம் 1. அணிக்கோவை மதிப்பு 1, பார்க்க அவ்வளவு சாதுவான அணி. கடைசி மாறி 1, அதற்கு மேல் 2, அதற்கு மேல் 4, இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். டபுள் பிரிசிஷனில் (ஒரு எண்ணுக்கு 64 பிட்; சிங்கிளில் 32, ஹாஃபில் 16) 1024 வரிசை வரை சரியாக வரும். 1025-ஆவது வரிசையைச் சேர்த்தால் முதல் மாறி 2¹⁰²⁴ ஆகவேண்டும், டபுளில் அதற்கு இடமில்லை, இன்ஃபினிட்டி வந்துவிடும். சிங்கிளில் 129 வரிசையிலேயே இது நடக்கும். ஹாஃப் பிரிசிஷனில் 17 வரிசை போதும், அதன் உச்சவரம்பே 65504-தான். இதில் எனக்குப் பிடித்த விஷயம், வழியில் ஒரு இடத்தில்கூட முழுமையாக்கல் பிழை கிடையாது, கூட்டல் எல்லாமே இரண்டின் அடுக்குகள், துல்லியமாக வரும். ஆக துல்லியம் குறைந்ததால் விடை கெடவில்லை, எண்ணை வைக்க இடமில்லாமல் கெட்டது. ஒரு இன்ஃபினிட்டி வந்துவிட்டால் அப்புறம் அது பூச்சியத்தோடு பெருகியோ இன்னொரு இன்ஃபினிட்டியிலிருந்து கழிந்தோ ‘எண் அல்ல’ என்ற நேன் ஆகி, வரிசையாக எல்லாவற்றையும் தின்றுவிடும்.

லாட்ரஸ் செய்யும் தந்திரம் எளிமையானது. எக்ஸ் என்ற விடையை நேராகத் தருவதில்லை. வலப்பக்கத்தை எஸ் என்ற எண்ணால் சுருக்கி, சுருக்கிய கணக்குக்கு விடை தரும். எஸ் 0-விலிருந்து 1-க்குள் இருக்கும், எக்ஸ் எல்லை தாண்டாதபடி அதுவே எஸ்-ஐத் தேர்ந்தெடுக்கும். உங்கள் உண்மையான விடை எக்ஸ் வகுத்தல் எஸ். மூலைவிட்டத்தில் பூச்சியமே இருந்தால் எஸ் = 0 என்று வைத்துவிட்டு, அணியால் பெருக்கினால் பூச்சியம் வரக்கூடிய ஒரு வெக்டரைத் தரும். எட்வர்ட் ஆண்டர்சன் 1991-இல் லேபேக் குறிப்பு ஒன்றில் விவரித்த முறை இது. கண்டிஷன் நம்பரை, அதாவது உள்ளீட்டின் சின்னப் பிழை விடையில் எவ்வளவு பெருகலாம் என்ற அளவை, மதிப்பிடுவதற்காக எழுதப்பட்டது, ஏனென்றால் அங்கே வந்து சேரும் அணிகளே பாதி நோயாளிகள்.

ஐகன் வெக்டர் (அணியால் பெருக்கினாலும் திசை மாறாத வெக்டர், எங்களுக்கு அதிர்வின் வடிவம்) தேடும் வேலைக்கு இது கனகச்சிதம். அதைத் தேடும் தலைகீழ் மறுசெய்கை என்ற முறையில் நாம் வேண்டுமென்றே அணியைப் பூச்சியக் கோவை அணிக்கு மிகப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம், விடை வெடிக்கவேண்டும் என்பதுதான் ஆசை, வெடிக்கும் திசைதான் ஐகன் வெக்டர். திசை மட்டும் போதும், நீளம் எவ்வளவு என்று யாருக்கும் கவலையில்லை. எனவே எஸ்-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு எக்ஸை அலகு நீளத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. லாட்ரஸைக் கூப்பிடுவதற்கு நான் ஃபோர்ட்ரானில் எழுதிய உறையும் (சுற்றி வைத்த சின்ன புரோகிராம்) அப்படித்தான் இருந்தது. எஸ் உள்ளேயே செத்துப்போகும், வெளியே எக்ஸ் மட்டும் வரும். அணியைக் கீழ் முக்கோணம், மேல் முக்கோணம் என்று காரணிப்படுத்தும்போது வரும் இன்ஃபோ எச்சரிக்கையையும் வாயை அடைத்து வைத்திருந்தேன், ஐகன் வேலையில் அது தினம் கத்துகிற காக்கா.

மூன்றாவது வருடம் வந்தது வினை. அதே உறையை எடுத்து, விசை கொடுத்தால் பாகம் எவ்வளவு ஆடும் என்ற கணக்குக்கும் போட்டேன். சரிபார்க்க ஒரு பொம்மை மாதிரி: இரண்டு எடை, மூன்று ஸ்பிரிங், எல்லாமே 1, தணிப்பு இல்லை, முதல் எடையில் விசை 1. ஒமேகா என்பது விசையின் கோண அதிர்வெண், அதன் வர்க்கம் 0.999 என்றால் முதல் எடையின் வீச்சு 500.25. சரி. 1.001 என்றால் எதிர்த்திசையில் ஏறக்குறைய அதே 500. சரியாக 1 என்று கொடுத்தால்? அங்கேதான் ஒத்ததிர்வு, வரைபடம் வானத்துக்குப் போகவேண்டும். எனக்கு வந்தது 1. இரண்டாவது எடைக்கும் 1. இரண்டு மலைச்சரிவுக்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு பள்ளம்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப்பார்த்து, “என்ன சார், ரெசொனன்ஸ்ல ஆட்டமே இல்லையே, நல்ல டிசைன்” என்றார். அரை நாள் அணியை உருவாக்கும் பகுதியைத் தேடினேன். அங்கே ஒன்றும் தப்பில்லை. ஒமேகா வர்க்கம் 1 ஆகும்போது அணி 1, −1, −1, 1. காரணிப்படுத்தினால் கடைசி மூலைவிட்டம் துல்லியமாகப் பூச்சியம். லாட்ரஸ் ஒழுங்காக எஸ் = 0 என்று சொல்லிவிட்டு, இரண்டு எடையும் சேர்ந்து ஆடும் வடிவமான (1, 1)-ஐக் கையில் கொடுத்திருக்கிறது. நான்தான் எஸ்-ஐப் பார்க்காமல் அந்த வடிவத்தை வீச்சு என்று வரைந்திருக்கிறேன். டிடிஆர்எஸ்வி போட்டிருந்தால் இன்ஃபினிட்டி வந்து அன்றைக்கே மாட்டியிருப்பேன்! பாதுகாப்பான ரூட்டீன் என்று நம்பிப் போட்டதால்தான் தப்பான விடை இவ்வளவு லட்சணமாக வந்தது. அன்றிலிருந்து என் உறை எக்ஸ், எஸ் இரண்டையும் ஜோடியாகத்தான் வெளியே விடும். கீழ் முக்கோணத்துக்கு ஒரு எஸ், மேல் முக்கோணத்துக்கு ஒரு எஸ், இரண்டையும் பெருக்கவேண்டும், அதுவும் முக்கியம். வகுப்பதை மட்டும் கடைசி வரை தள்ளிப்போடுங்கள். வந்ததும் எஸ்-ஆல் வகுத்தால், எண் எல்லை தாண்டும் எந்த ஓவர்ஃப்ளோவுக்குப் பயந்து இந்த ரூட்டீனுக்கு வந்தீர்களோ அதே குழியில் விழுவீர்கள்.

இன்னொரு சறுக்கல், லாட்ரஸுக்குக் கொடுக்கும் நார்மின் என்ற தெரிவு. லாட்ரஸ் முதலில் அணியின் ஒவ்வொரு நிரலின் நார்மையும், அதாவது அந்த நிரல் எவ்வளவு பெரியது என்ற அளவையும், கணக்கிட்டு, விடை எவ்வளவு பெருகலாம் என்று ஒரு வரம்பு போடும். ஆபத்தில்லை என்று தெரிந்தால் டிடிஆர்எஸ்வியையே கூப்பிட்டுவிடும், அதனால் சாதாரண அணிக்குப் பெரிய நேர இழப்பு இல்லை. அதே அணியை மறுபடி தீர்க்கும்போது நார்மினுக்கு ‘ஒய்’ கொடுத்தால் பழைய நார்மையே எடுத்துக்கொள்ளும். அணியை மாற்றிவிட்டு ‘ஒய்’ கொடுத்தால் பழைய அணியின் நார்மை வைத்துப் புது அணிக்கு உத்தரவாதம் தரும். செய்தேன், பட்டேன், சோம்பேறித்தனம் தவிர வேறு காரணமில்லை.

சரி, எல்லாரும் இதற்கு மாறவேண்டுமா? வேண்டாம் என்பேன். பைத்தானில் வேலை செய்கிறவர்களுக்கு சைபை நூலகத்தின் சால்வ் ட்ரையாங்குலர் போதும், ஆனால் அது இயல்பாக மேல் முக்கோணத்தை மட்டும்தான் படிக்கும் என்பதை மறக்காதீர்கள். லோயர் என்று சொல்லாமல் கீழ் முக்கோண அணியைக் கொடுத்தால் மூலைவிட்டத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் விடை தரும். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறை இதில் விழுகிறார்கள். சி மொழியில் ஃபாஸ்ட்-மேத் என்ற வேகத் தெரிவைப் போட்டு கம்பைல் செய்துவிட்டு நேன் இருக்கிறதா என்று சோதிப்பதும் வீண், நேன் வரவே வராது என்று நீங்களே வாக்குக் கொடுத்தபின் கம்பைலர் அந்தச் சோதனையையே தூக்கிவிடலாம்.

விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், மீதி (இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்) சின்னதாக இருக்கிறது, அதனால் சரி என்பார்கள். முக்கோணத் தீர்வில் ஓவர்ஃப்ளோ இல்லாதவரை மீதி எப்போதுமே சின்னதாகத்தான் இருக்கும், விடை குப்பையாக இருந்தாலும்கூட. கண்டிஷன் நம்பரும் வெறும் பயங்காட்டியாக இருக்கலாம். மூலைவிட்டத்தில் 1-உம் 10⁻²⁰-உம் மட்டும் உள்ள இரண்டு வரி அணிக்குக் கண்டிஷன் நம்பர் 10²⁰, ஆனால் இரண்டு வகுத்தலில் முழுத் துல்லியத்தோடு விடை வந்துவிடும். முக்கோண அணிகளுக்கு விடை பெரும்பாலும் எதிர்பார்ப்பதைவிட நன்றாக வரும் என்று இந்தத் துறையின் முன்னோடி வில்கின்சனே அந்தக் காலத்தில் கவனித்திருக்கிறார். நான் ஆர்கண்டிஷனை, அதாவது கண்டிஷன் நம்பரின் தலைகீழியைப் பார்ப்பேன், அது மிரட்டினால் நிரைகளை அளவு மாற்றிவிட்டு இன்னொரு முறை பார்ப்பேன்.

லாட்ரஸின் நிஜமான குறை வேகம்தான். ஆபத்தான அணி என்று முடிவு செய்துவிட்டால் நிரல் நிரலாக ஊர்ந்து போகும், வலப்பக்கம் 200 இருந்தால் 200 தடவை கூப்பிடவேண்டும். 2022 நவம்பரில் வந்த லேபேக் 3.11-இல் டிஎல்ஏடிஆர்எஸ்3 சேர்ந்தது. அணியைக் கட்டங்களாகப் பிரித்து, பல வலப்பக்கங்களை ஒரே மூச்சில் தீர்க்கும். எங்கள் பெரிய மாதிரிகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் அதில் ஒவ்வொரு வலப்பக்கத்துக்கும் தனித்தனி எஸ், ஸ்கேல் என்பது ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு வரிசையாகிவிட்டது. என் ஜோடி உறையோ ஒரே ஒரு எஸ்-ஐ நம்பி எழுதியது. பாதி புரோகிராமை மாற்றிவிட்டேன், மீதிப் பாதி இன்னும் பழைய லாட்ரஸில்தான் ஓடுகிறது.