"உறுப்பு நாடுகள்" என்று எழுதினால் போதுமா? பட்டியலா, "அவ்வப்போது"வா?

2012ல் ஒரு கம்பெனி தன் மெஷினை விற்கும் தனியுரிமையை ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருட ஒப்பந்தம். ஏரியா என்ற இடத்தில் "ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள்" என்று மட்டும் இருக்கிறது. 2013 ஜூலை 1 அன்று குரோஷியா உள்ளே வருகிறது. 2020 ஜனவரி 31 நள்ளிரவில் பிரிட்டன் வெளியே போகிறது. அன்றும் 27 நாடுகள், இன்றும் 27 நாடுகள், ஆனால் அதே 27 இல்லை. குரோஷியாவின் தலைநகர் ஜாக்ரெப் இப்போது அவர் ஏரியாவா? லண்டன் கைவிட்டுப் போய்விட்டதா?

பதில் முழுக்க வரையறைப் பகுதியில் இருக்கிறது. அங்கே வழக்கமாக மூன்றில் ஒன்றைப் பார்க்கலாம்:

"உறுப்பு நாடு என்பது ஆஸ்திரியா, பெல்ஜியம், பல்கேரியா..." என்று பெயர் சொல்லிப் போகும் பட்டியல்.

"இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் தேதியில் உறுப்பினராக உள்ள நாடுகள்."

"அவ்வப்போது உறுப்பினராக உள்ள நாடுகள்", அதாவது அந்தந்த நேரத்தில் யார் உறுப்பினரோ அவர்கள்.

முதல் இரண்டிலும் லண்டன் இருக்கும், ஜாக்ரெப் கிடையாது. மூன்றாவதில் அப்படியே தலைகீழ். எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் கொஞ்ச காலம் நல்ல வேலை.

பட்டியலுக்கும் தேதிக்கும் விளைவில் வித்தியாசம் இல்லை, படிப்பதில்தான் இருக்கிறது. தேதியை வைத்து எழுதினால் எட்டு வருடம் கழித்து யாராவது உட்கார்ந்து அன்றைக்கு யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று தேட வேண்டும். பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை, கண்ணெதிரே இருக்கும். அதனால் நாடுகளை அன்றைய நிலையிலேயே உறைய வைப்பதென்றால் என் ஓட்டு பட்டியலுக்குத்தான்.

ஆனால் பட்டியல் பழசாகும், பெரிய இடங்களிலேயே பழசாகும். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் சாசனத்தில் 4வது ஷரத்து புருனே முதல் வியட்நாம் வரை பத்து நாடுகளின் பெயர்களைச் சொல்கிறது; 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் பதினோராவதாக வந்து சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 52வது ஷரத்து இன்னும் வேடிக்கை. அதிலும் நாடுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. குரோஷியா சேர்ந்தபோது பெயரைச் சேர்த்தார்கள், ஆனால் பிரிட்டன் போனபோது யாரும் அதன் பெயரை அடிக்கவில்லை. 50வது ஷரத்தின்படி உடன்படிக்கைகள் அந்த நாட்டுக்குப் பொருந்தாமல் போனாலே போதும், காகிதத்தில் பெயர் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். நாடுகளுக்கு அப்படி விட்டுவிட முடியும். உங்கள் ஒப்பந்தத்துக்குப் பின்னால் ஒரு 50வது ஷரத்து கிடையாது.

பிரிட்டன் வெளியேறும்போது போட்ட ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரிந்திருக்கிறது. 2வது ஷரத்தில் "உறுப்பு நாடுகள்" என்பதற்கு 27 நாடுகளையும் முழுப்பெயரோடு எழுதினார்கள், பிரிட்டன் இல்லாமல். அப்புறம் 127வது ஷரத்தில், 2020 டிசம்பர் 31 வரையிலான இடைக்காலத்தில் பொருந்தும் ஒன்றியச் சட்டங்களில் "உறுப்பு நாடு" என்று எங்கே வந்தாலும், வேறுவிதமாகச் சொல்லாதவரை, பிரிட்டனையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்றார்கள். ஒரே சொல், ஒரே ஒப்பந்தம், ஒரே வருடம், இரண்டு அர்த்தம். குழப்பம்போலத் தெரியும், ஆனால் எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டதால் குழப்பமில்லை.

சரி, "அவ்வப்போது"க்கு வருவோம். சட்டங்களில் வரும் சொற்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் பிரிட்டனின் 1978ஆம் ஆண்டுப் பொருள்கோள் சட்டத்தில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி (ஒன்றியமும் நார்வே போன்ற சில நாடுகளும் சேர்ந்த பொதுச்சந்தை) நாடு என்பதற்குப் பின்னாளில் ஒரு வரையறை சேர்த்தார்கள்: எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த நேரத்தில் ஒன்றிய உறுப்பாகவோ அந்தப் பகுதி ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகவோ இருக்கும் நாடு. பெயரே இல்லை, அதனால் யார் வந்தாலும் போனாலும் தொட வேண்டியதில்லை. வரி, தனிநபர் தரவு, மருந்து அனுமதி என்று சட்டத்தின் பின்னால் ஓட வேண்டிய விஷயங்களுக்கு இதுதான் சரி.

காசு சம்பந்தப்பட்ட ஏரியாவுக்கு நான் இதை எழுத மாட்டேன். நாளைக்கு செர்பியா சேர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு நாடு இலவசம், அங்கே ஏற்கெனவே நீங்கள் வேறொருவருக்கு உரிமை கொடுத்திருந்தால் இருவருக்கும் நடுவில் நீங்கள். உங்கள் வியாபார எல்லையை ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் தீர்மானிக்கும்.

உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது என்று சொல்லும் வகை ஒன்றும் உண்டு. வளைகுடா கூட்டுறவு கவுன்சிலில் ஆறு நாடுகள். அமீரகத்தின் 2017ஆம் ஆண்டு வாட் (மதிப்புக்கூட்டு வரி) சட்டம் "கவுன்சில் நாடுகள்" என்று ஒன்றையும் "அமல்படுத்தும் நாடுகள்" என்று இன்னொன்றையும் தனித்தனியாக வரையறுக்கிறது. காரணம் எளிது: அமீரகமும் சவூதியும் 2018 ஜனவரியில் வாட் தொடங்கின, பஹ்ரைன் 2019ல், ஓமன் 2021 ஏப்ரலில், கத்தாரும் குவைத்தும் அந்த வேகத்தில் வரவில்லை. உறுப்பினர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் வாட்டே இல்லாத நாட்டை வாட் உள்ள நாடாக நடத்த வேண்டி வந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது நம் பக்கத்து சாஃப்டா, அதாவது தெற்காசிய நாடுகளின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், 2004ல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தானது. வளர்ச்சி குறைந்த நாடுகளுக்கு அதில் தனிச் சலுகைகள் உண்டு. அந்த நாடுகள் எவை என்பதை ஐ.நா.வின் தீர்மானத்திடமே விட்டுவிட்டார்கள், அதாவது மிதக்கும் வரையறை. ஆனால் மாலத்தீவு சீக்கிரமே ஐ.நா. பட்டியலைவிட்டு மேலேறிவிடும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அதனால் 12வது ஷரத்தில் பெயரைச் சொல்லியே எழுதினார்கள்: மாலத்தீவு மேலேறினாலும் அதற்கான சலுகை குறையாது. 2011ல் அது மேலேறியது, சலுகைக்கு ஆபத்தில்லை. 2023 டிசம்பரில் பூட்டானும் மேலேறியது, அதற்கு அந்த ஷரத்தில் இடமில்லை. இந்தியாவோடு தனி வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் அதற்குப் பெரிய அடி இல்லை என்பது வேறு கதை.

அந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒப்பந்தம் என் மேஜைக்கு வந்திருந்தால் இரண்டையும் கலந்திருப்பேன். ஏரியாவுக்குப் பின்னிணைப்பில் பெயர்ப் பட்டியல், புது நாடு சேர்ந்தால் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால்தான் ஏரியாவில் சேரும், வெளியேறினாலும் ஏரியாவில் இருக்கும் என்று ஒரு வரி, சட்டம் சார்ந்த கடமைகளுக்கு மட்டும் "அவ்வப்போது". அப்புறம் சுவிட்சர்லாந்து வேண்டுமென்றால் அதன் பெயரைத் தனியாக எழுதுங்கள். ஒன்றியத்திலும் இல்லை, பொருளாதாரப் பகுதியிலும் இல்லை, ஆனால் விற்கிறவர் உள்ளே இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்.