‘சர்ஜன் வழியில இருக்காரு’ என்று சொல்லி 48,000 ரூபாய் வாங்கினார்கள், கத்தியே எடுக்கவில்லை

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, வாசலில் ‘24 மணி நேர அவசர அறுவை சிகிச்சை’ போர்டு. பெயர் போடவில்லை.

அண்ணன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், மூட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி வாங்கிப் போடுவார். போன வாரம் சாயங்காலம் திடீரென்று நிமிர முடியாத வலி, வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. டியூட்டி டாக்டர் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிகிறது, இரைப்பையிலோ சிறுகுடல் தொடக்கத்திலோ ஓட்டை விழுந்திருக்கிறது, ஆபரேஷன்தான் என்று அவரே சொன்னார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜுக்குப் போகலாம் என்று அண்ணி சொன்னதும் முன்மேசைக்காரர் ஓடி வந்தார். “அங்க போனா வரிசையில கிடக்கணும்மா. நம்ம சர்ஜன் நாகர்கோவில்ல இருந்து கிளம்பியாச்சு, தியேட்டர் ரெடி, பணத்தக் கட்டுனா உடனே உள்ள கொண்டு போயிரலாம்” என்றார். அண்ணிக்குத் தண்ணீர் கொடுத்தார், அண்ணன் தோளைத் தொட்டு “ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி” என்றார். அந்த நேரத்தில் அப்படிப் பேசுகிற ஒருவரை யார் சந்தேகப்படுவார்கள்? மகள் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த 48,000 ரூபாய், ஜிபேயில் அப்படியே போனது.

சர்ஜன் வரவே இல்லை. கேட்டால் வழியில இருக்காரு, அப்புறம் இன்னொரு கேஸ்ல மாட்டிக்கிட்டாரு, அப்புறம் மயக்க டாக்டர் வரணும். மூக்கில் டியூப், குளுக்கோஸ், ஆன்டிபயாட்டிக் எல்லாம் போட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் அதெல்லாம் வேண்டும்தான், ஆனால் அதனால் ஓட்டை அடையுமா? நடுராத்திரியில் வலி கொஞ்சம் குறைந்தது, நர்ஸ் “பாத்தீங்களா, சரியாகுது” என்றார். முதல் வலிக்குப் பிறகு சில மணி நேரம் இப்படித் தணிந்த மாதிரி காட்டும், உள்ளே தொற்று பரவிக்கொண்டே இருக்கும் என்று பிறகு ஆசாரிப்பள்ளத்து டாக்டர்தான் சொன்னார். விடியும்போது பிரஷர் இறங்கியது, சிறுநீர் நின்ற மாதிரி ஆனது. உடனே ‘இங்க ஐசியூ வசதி பத்தாது’ என்று ஒரு தாளை நீட்டினார்கள். சொந்த விருப்பத்தில் கூட்டிப்போகிறோம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டால்தான் ஆம்புலன்ஸ்!

108-ல்தான் ஆசாரிப்பள்ளம் போனோம். வரிசையும் இல்லை ஒன்றும் இல்லை. திரவம் ஏற்றி பிரஷரைத் தூக்கி, வயிற்றைத் திறந்து கழுவி, பக்கத்துக் கொழுப்பு மடிப்பை வைத்து ஓட்டையை மூடினார்கள். அண்ணன் இன்னும் ஐசியூவில். இந்த நோயில் டென்மார்க்கில் 2,668 பேரை வைத்து 2013-ல் வந்த ஆய்வு, ஆஸ்பத்திரிக்கு வந்தபின் ஆபரேஷன் தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 2.4 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. இவர்கள் தின்றது ஒரு முழு ராத்திரி.

பணத்தைக் கேட்டால் அக்கவுண்ட்ஸில் கேளுங்க, மேனேஜர் லீவு, ஐயா மீட்டிங்கில் இருக்காரு. கடைசியில் “நீங்களாத்தானே எழுதிக் கொடுத்துட்டுப் போனீங்க?” இப்போது போனையே எடுப்பதில்லை. ஒரு ராத்திரி கட்டிலுக்கும் குளுக்கோஸுக்கும் 48,000 ரூபாயா?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பார்வையாளர் நேரம் ஆகிவிட்டது. பணம் கட்டும் முன் சர்ஜன் கட்டிடத்துக்குள் இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் அவரிடமே போனில் பேசுங்கள். வலி குறைந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கலாம், டாக்டரிடம் கேட்காமல் மாதக்கணக்கில் போடாதீர்கள். கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. கட்டிய பணத்துக்கு அச்சடித்த ரசீது வாங்குங்கள், எங்களுக்குக் கிடைத்தது பேனாவில் ‘அட்வான்ஸ் 48,000’ என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு, அதில் சீல்கூட இல்லை.